செனட்டருக்கு இரண்டு பொன்னாடைகள்

நான் ஆங்கிலம் படித்தது கனடிய நாடாளுமன்றத்தின் மேல்சபையில். சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, தொலைக்காட்சியில் எதைப் போட்டாலும் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. செய்தி வாசித்தவர்கள் ஓடினார்கள். நாடகத்தில் நடித்தவர்கள் பாதி வார்த்தையை விழுங்கினார்கள். கீழ்ச்சபையைப் போட்டால் ஒரே கூச்சல். மேல்சபைக் குழுக்களின் கூட்டங்களில் மட்டும் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பிறகு அவசரமில்லாமல், ஆறுதலாகப் பேசினார். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள். நான் அங்கேயே குடியேறிவிட்டேன்.

பிரெஞ்சும் அங்கேதான் படித்தேன். ஒரே ஆள் பாதிப் பேச்சை ஒரு மொழியிலும் மீதியை மற்ற மொழியிலும் பேசுவார். இரண்டையும் கேட்டுக் கேட்டு, புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் வேலை எடுத்தேன். நேர்முகத்தில் என்னைக் கேள்வி கேட்ட பெண்ணை 'மதிப்புக்குரிய' என்று சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. பின்னாளில் சபையையே இணையத்தில் காட்டத் தொடங்கினார்கள். இப்போதும் சமைக்கும்போது கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து விவாதங்களைக் கேட்பேன். என் கணவர் குசினிக்குள் எட்டிப் பார்த்து, "உம்மட ஆக்கள் இண்டைக்கு என்னத்தை வெட்டி விழுத்தினவை?" என்று கேட்பார். அவருக்கு மேல்சபை என்றால் ஓய்வுபெற்றவர்கள் தூங்கும் இடம்.

தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் கியூபெக்கைச் சேர்ந்த ஒரு பெண் செனட்டர் எழுந்தால் நான் அடுப்பைக் குறைத்துவிடுவேன். முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். வடக்கிலுள்ள பூர்வகுடிக் கிராமங்களின் குடிதண்ணீர் பற்றி, முதியோர் இல்லங்கள் பற்றி, வீட்டு வாடகை பற்றி எல்லாம் பேசியிருக்கிறார். பிரெஞ்சில் தொடங்குவார், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறுவார். அமைச்சரிடம் அவர் கேட்கும் கேள்விகள் சின்னவை. தண்ணீர் விவாதத்தில் ஒருமுறை, "அந்த ஊர்க் குழாயில் வரும் தண்ணீரை நீங்கள் குடித்தீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அமைச்சர் நிறைய நேரம் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்குள் குடித்தாரா இல்லையா என்பது மட்டும் இல்லை.

அந்தச் செனட்டர்தான் ஒருநாள், "எனக்குத் தெரியாது," என்று சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து தற்காலிக வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிய விவாதம் அது. அவர்களுடைய வேலை அனுமதியை ஒரே முதலாளியோடு கட்டிவைப்பதை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் பிரேரணை கொண்டுவந்திருந்தார். ஆதரித்தவர்கள் பேசினார்கள், எதிர்த்தவர்கள் பேசினார்கள், ஆட்பற்றாக்குறை, பொருளாதாரம் என்று பெரிய பெரிய சொற்கள் உருண்டன. இவருடைய முறை வந்தது. "இதைப் பற்றி எனக்குப் போதிய அளவு தெரியாது. அந்த அனுமதியோடு வாழ்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வந்து பேசுகிறேன்," என்று சொல்லி, விவாதத்தைத் தன் பெயரில் ஒத்திவைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சபையில் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும் கேட்டதில்லை.

அந்த அனுமதியோடு வாழ்கிற ஒருத்தி எனக்கு இருந்தாள். என் தங்கையின் மகள். என் பெறாமகள்.

அவள் இல்-பிசார் தீவில் ஒரு வீட்டில் தங்கி, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். அனுமதிப் பத்திரத்தில் கிழவியின் மகனுடைய பெயர் முதலாளி என்று இருக்கிறது. அந்த வீட்டில் மட்டும்தான் வேலை செய்யலாம். வெளிக்கிட்டால் வேலையும் போய்விடும், படுக்கிற அறையும் போய்விடும். இன்னொரு முதலாளியும் புது அனுமதியும் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கொடுமைக்கு ஆளானவர்கள் வேறு அனுமதி கேட்கலாம் என்று ஒரு வழி உண்டு. அதை அறிந்த அன்றே அவளை விசாரித்தேன்.

"அடிக்கினமோ?"

"இல்லை பெரியம்மா."

"சாப்பாடு?"

"அதெல்லாம் தருகினம். கிழவி நல்லவ. என்னைவிட்டா வேற ஆரின்ர கையாலயும் சாப்பிடமாட்டா."

"பேந்து என்ன?"

"ஒண்டுக்கும் மாட்டன் எண்டு சொல்லேலாது. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை முழுநாள் விடுமுறை என்றுதான் பேச்சு. அது மெல்ல அரைநாள் ஆகியது. சில கிழமைகளில் சனி பின்னேரம் கிழவியின் மகனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். அந்த அரைநாளும் போய்விடும். மகன் ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு வெளியே போகிறவர், அதற்கு முன் அவள் வீட்டில் நிற்க வேண்டும். அந்தத் தீவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு. ஒருமுறை பனியில் பஸ் பிந்தி அவளும் பிந்திப் போனபோது அவர் சத்தம் போடவில்லை. இந்த வேலையை நீ மதிக்கிறாய் என்று நினைத்திருந்தேன் என்று மெதுவாகச் சொன்னாராம். அந்த வருடம் அனுமதி புதுப்பிக்க வேண்டிய வருடம். இதை எந்த அலுவலகத்தில் போய்க் கொடுமை என்று சொல்வது?

நான் செனட்டரின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். கேட்டுவிட்டு வருகிறேன் என்றீர்கள், கேட்க வாருங்கள் என்று எழுதினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் வருவதாகவும், சிலபேரோடு இருந்து கதைத்தால் போதும் என்றும் சொன்னார்கள். பெறாமகள் முதலில் மாட்டேன் என்றாள். பேரைச் சொல்லத் தேவையில்லை, என் குசினி மேசையில் இருந்து கதைக்கலாம் என்ற பிறகு, சரி என்றாள். வேறு வீடுகளில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் வருவதாகச் சொன்னார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாப்பாட்டு மேசையில் என் கணவரின் காதில் போட்டேன்.

"செனட்டர் எங்கட வீட்டுக்கு வாறாவோ?" சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஓம். குசினியில இருந்து கதைக்க."

"நீர் என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? ஒரு செனட்டரைக் கொண்டுவந்து குசினியில இருத்தலாமோ?"

"அவ கேக்க வாறா. இருக்க ஒரு கதிரை காணும்."

"கேக்கிறதுக்கும் ஒரு மரியாதை இருக்கு," என்றார்.

என் கணவர் எங்கள் சங்கத்தின் செயலாளர். ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டார். கிழமை முடிவதற்குள் வில்லரேயில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம் எடுத்தாகிவிட்டது. செனட்டர் வருகிற செய்தி கசிந்து, எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காத மற்றச் சங்கமும் தாங்களும் ஒரு பொன்னாடை போர்த்துவோம் என்று நின்றது. மறுத்தால் பிரச்சினை வரும் என்று இரண்டு பொன்னாடைக்கு இடம் விட்டார்கள். அலுவலகத்துக்கு அழைத்து, கூட்டம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று என் கணவரே சொன்னார். கொஞ்சம் என்ற சொல்லை அவர் எப்படி அளக்கிறார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அந்தப் பிள்ளையள் எப்ப கதைக்கிறது?" என்று கேட்டேன்.

"கலந்துரையாடல் எண்டு போட்டிருக்கிறன்." நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். கடைசி வரியில் இருந்தது. எங்கள் கூட்டங்கள் எல்லாவற்றிலும் கலந்துரையாடல் கடைசி வரியில்தான் இருக்கும். நேரம் போதாமையால் கைவிடப்படுவதற்கென்றே அதை அங்கே வைப்பார்கள். மற்ற இரண்டு பெண்களும் மண்டபம் என்றதும் வரவில்லை என்றுவிட்டார்கள். என் பெறாமகள் மட்டும், "நீங்கள் நிப்பியள்தானே பெரியம்மா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அவள் நீலக் கோட்டோடு வந்து மூன்றாம் வரிசையில் ஓரமாக இருந்தாள். பஸ்ஸில் வரும்போது பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். கோட்டைக் கழற்றவில்லை.

மங்கல விளக்கேற்றினார்கள். இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தினார்கள். வரவேற்பு நடனம் ஆடிய சின்னப் பிள்ளைகளின் பாட்டு இடையில் நின்றுபோக, முதலிலிருந்து ஆடினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. பிறகு என் கணவர் எழுந்து செனட்டரின் நாடாளுமன்றப் பங்களிப்புகளை வாசித்தார். தண்ணீர், முதியோர், வாடகை என்று இணையத்தில் எடுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் வாசித்தார். நான் வருடக்கணக்காகக் கேட்ட பேச்சுகள் அவை. அவர் வாயில் வந்தபோது ஏதோ சாமிக்கு அருச்சனை செய்வதாக இருந்தது. 'எனக்குத் தெரியாது' என்று செனட்டர் சொன்ன பேச்சு மட்டும் அதில் இல்லை. அது பங்களிப்பு என்று என் கணவருக்குத் தோன்றவில்லை.

செனட்டர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பணிவாகச் சிரித்தபடி இருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம், திறக்கப்படாமல்.

முதல் பொன்னாடை போர்த்தியபோது பெறாமகள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் மண்டபத்தின் ஓரத்தில் நின்று, என் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் கணவருக்குச் சைகை காட்டினேன். அவர் தன்னுடைய மணிக்கூட்டைப் பார்த்து, நிகழ்ச்சிகள் நேரத்துக்கு நடக்கின்றன என்ற திருப்தியோடு தலையாட்டினார். இரண்டாவது பொன்னாடைக்கு மற்றச் சங்கத்தின் தலைவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். போர்த்துவதற்கு முன்பு ஒரு சிறு வரலாறு சொல்ல வேண்டும் என்றார்.

அவள் எழுந்து என்னிடம் வந்தாள். "நான் வெளிக்கிடுறன் பெரியம்மா. இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது பிந்தும்."

"கொஞ்சம் பொறு பிள்ளை. நான் போய் நிப்பாட்டிறன்."

"வேண்டாம். எல்லாருக்கும் முன்னால வேண்டாம்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் ஓட்டத் தெரிந்தவர் மேடையில் இருந்தார். வேறு யாரையாவது கேட்கிறேன் என்றதற்கு, அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். இந்தக் கதை ஊர் முழுக்கப் போவதை அவள் விரும்பவில்லை. கதவு வரைக்கும் கூடப் போனேன். படியேறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னாடைக்குக் கைதட்டுகிற சத்தம் பின்னால் கேட்டது.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த மண்டபத்தில் இருந்தவர்களை வெறுக்கவும் என்னால் முடியவில்லை. எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்தபோது அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் கேட்டுக் கேட்டே நின்றவர்கள். தஞ்சம், வேலை, மனைவியைக் கூப்பிட அனுமதி, எல்லாமே கேட்டு வாங்கியவை. ஒரு பெரிய மனிதர் எங்களிடம் வரும்போது, கொடுக்கிறவர்களாக ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இருக்கிறது. கொடுக்கக் கையில் இருந்தது பொன்னாடைதான். அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்ததோ ஒருத்தியின் பேச்சு.

நன்றியுரை எனக்கு. நன்றியுரையை எங்கள் கூட்டங்களில் பெண்களுக்குத்தான் தருவார்கள், அந்த நேரத்தில் ஒருவரும் கேட்பதில்லை. பின்னால் சாப்பாட்டு மேசையில் ரோல்ஸ் தட்டுகளைத் திறக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் எழுதி வைத்திருந்ததைப் பார்க்காமல் பிரெஞ்சில் பேசினேன்.

"மேடம், நீங்கள் கேட்க வந்தீர்கள். நாங்கள் பேசி முடித்துவிட்டோம். நீங்கள் கேட்க வேண்டியவர் இந்த மண்டபத்தில்தான் இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார். வந்ததற்கு நன்றி."

நன்றி என்ற சொல் எல்லோருக்கும் விளங்கியது. பலமாகக் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு மேசையருகில் செனட்டர் என்னைத் தேடி வந்தார். இரண்டு பொன்னாடையும் தோளில் கிடந்தன, கையில் காகிதத் தட்டில் ஒரு வடை. "நீலக் கோட் போட்டிருந்தவரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

எப்படித் தெரியும் என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

"மேடையில் இருந்தால் மணிக்கூட்டைப் பார்க்கிறவர்கள் கண்ணில் படுவார்கள். மற்றவர்கள் களைத்துப்போய்ப் பார்த்தார்கள். அவர் பயந்துபோய்ப் பார்த்தார்."

"அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு அவள் அனுமதி தரவில்லை," என்றேன்.

"அப்படியானால் சொல்லாதீர்கள். அவர் சொல்லாததை நானும் சொல்ல முடியாது." இன்னொரு முறை இரகசியமாகச் சந்திக்கலாமா என்று அவளிடம் கேட்கும்படி சொன்னார். கேட்டேன். "ஒருக்கா வந்தது காணும் பெரியம்மா," என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர், "நிகழ்ச்சி நல்லாத்தான் போச்சு," என்று தொடங்கினார். பெறாமகள் பஸ்ஸுக்குப் போய்விட்டதைச் சொன்னேன். அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கலந்துரையாடலுக்குக் கூப்பிட்டு மேடையில் இருத்துவதாக நினைத்திருந்தாராம். "நீர் முதலே சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான்."

"சத்தமாச் சொல்லியிருக்கலாம்," என்றார். அன்றைக்கும் அடுத்த சில நாட்களும் எங்கள் வீட்டில் விவாதம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பிரேரணை மறுபடி சபைக்கு வந்த பின்னேரம் நான் வேலையிடத்தில் இருந்தேன். சாப்பாட்டு அறையில் ஒரு மூலையில் கைபேசியை வைத்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டேன். செனட்டர் எழுந்தார். மண்டபத்தில் திறக்காத அந்தக் குறிப்புப் புத்தகம் கையில் இருந்தது. பிரெஞ்சில் தொடங்கினார்.

"போனமுறை 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருந்தேன். பிறகு கேட்கப் போனேன். மிகுந்த அன்போடு வரவேற்றார்கள். எனக்கு இரண்டு பொன்னாடைகள் போர்த்தினார்கள்."

இனி வில்லரே என்பார், தீவு என்பார், சக்கர நாற்காலி என்பார், அந்த வீட்டு மகன் எங்காவது இருந்து இதைக் கேட்பார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்ததில் எதுவும் அவருக்குத் தெரியாது என்பதுகூட அந்த நேரம் மறந்துபோனது.

"நான் சந்திக்கப் போன பெண் என் கண் முன்னால் இருந்தார். என்னை வரவேற்று முடிவதற்குள் அவர் எழுந்து போக வேண்டியிருந்தது. அவருடைய விடுமுறை நாள்தான் அது. ஆனால் பிந்திப் போக அவரால் முடியாது. இந்தச் சபையில் நாம் எல்லோரும் பிந்தி வருகிறோம், யாரும் நம்மை நாட்டைவிட்டு அனுப்புவதில்லை." அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறினார். "அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் பதிலாக நான் பேசப்போவதும் இல்லை. எனக்குத் தெரிந்தது அந்தக் காலிக் கதிரை மட்டும்தான். பெயர் சொல்லாமல், கதவை மூடிக்கொண்டு, இவர்களை ஒரு குழு கேட்க வேண்டும். அவர்களுக்கு முன்னால் நாம் யாரும் பேசக்கூடாது."

அவ்வளவுதான். இருந்துவிட்டார். எதிர்த்துப் பேச இருந்தவர் எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்து, குழுவுக்கு அனுப்புவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அறைக்குள் வந்த வேலைத்தோழி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அரசியல் என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"சங்கத்தின்ர பேரைச் சொன்னவவோ?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"இல்லை."

"பொன்னாடையை?"

"அதைச் சொன்னவ." காணொளியைப் போட்டுக் கொடுத்தேன். கதிரை என்ற இடம் வந்தபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிந்த பிறகும் கைபேசியைத் திருப்பித் தராமல் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெறாமகள் வந்தாள். குசினி மேசையில் அதே காணொளியைப் பார்த்தாள். நான் வெங்காயம் வெட்டுகிற சாட்டில் அவளைப் பார்த்தேன். கணவர் எதிரே இருந்தார்.

"என்ர பேர் சொல்லேல்லைத்தானே?"

"சொல்லேல்லை. அவவுக்குத் தெரியவும் தெரியாது."

அந்தக் கடைசிப் பகுதியை அவள் மறுபடி போட்டாள். "நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு அவவுக்குத் தெரியாதாம்," என்றாள். "எனக்குத் தெரியும் பெரியம்மா. இன்னும் பாடமா இருக்கு."

"அப்ப அந்தக் குழுவுக்குச் சொல்லுவியோ?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லுவன். முதல் உங்களுக்குச் சொல்லிப் பாக்கிறன்."

என் கணவர் தொண்டையைச் செருமினார். இனி அவர் எழுந்து அவளை எங்களுக்கே அறிமுகம் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "பெரியப்பா, வரவேற்புரை வேண்டாம்," என்றாள்.

"ஓம்," என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்தவள் பழக்கத்தில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். என் கணவர் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு, கார்த் திறப்புக் கொத்தை எடுத்து அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"ஆறுதலாக் கதை பிள்ளை," என்றார். "நான் கொண்டுபோய் விடுறன்."